டிசம்பர் மழையா, மே மழையா: பதினாறு பிள்ளைகளின் சாகசப் பயணத்துக்கு மூன்று நாடுகள்

எங்கள் வேலூர்ப் பகுதிப் பிள்ளைகள் பதினாறு பேரை, வழிகாட்டிகளின் துணையுடன், வெப்பமண்டல நாடு ஒன்றுக்கு எட்டு முதல் பத்து நாள் சாகசப் பயணமாக அனுப்பலாம் என்று பெற்றோர் கூடிப் பேசியபோது மூன்று நாடுகளின் பெயர்கள் எழுந்தன: இலங்கை, மலேசியா, கோஸ்டா ரிக்கா. பிள்ளைகள் காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். பதினான்கு முதல் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் படிப்பவர்கள். ஏலகிரியின் சுவாமிமலை, ஜவ்வாது மலை, பர்வதமலை மூன்றும் அவர்கள் கால்களுக்குப் பழகியவை. அந்த மலைகளுக்கு அவர்களை அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில், மூன்று நாடுகளையும் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் பிற பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி, அந்தக் குறிப்பைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பயண நிறுவனங்கள் அனுப்பிய திட்டங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. எத்தனை விளையாட்டுகள், எத்தனை இரவுகள், தலைக்கு எவ்வளவு என்ற மூன்று விவரங்களே அவற்றில் பெரிய எழுத்தில் இருந்தன. எந்த மாதத்தில் எந்தச் சரிவில் மழை பெய்யும் என்பதை ஒரு நிறுவனம்கூடத் தானாக முன்வந்து சொல்லவில்லை. காட்டிலும் ஆற்றிலும் மலைப்படியிலும் கழியப்போகும் பயணத்தில் அதைவிட முதன்மையான செய்தி வேறில்லை என்பது என் கருத்து. ஆகவே நாட்டைத் தேர்வதற்கு முன்பு பள்ளி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டே வாய்ப்புகள் உண்டு. ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் அரையாண்டு விடுமுறை. மற்றொன்று, ஏப்ரல் இறுதிக்குப் பின் வரும் கோடை விடுமுறை. காலாண்டு விடுமுறை போதாது. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டார். பொதுத்தேர்வு எழுதும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுவில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025–26 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டதால், அவ்வகுப்புப் பிள்ளைகள் இப்போது டிசம்பரிலும் புறப்பட முடிகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே ஒப்பீட்டை எழுதியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

இனி மழை. இலங்கைத் தீவு சிறியது, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. ஆனால் அதன் நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொகுதி இரண்டு பருவமழைகளையும் இரு பக்கமாகப் பிரித்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவையும் தென்மேற்குத் தாழ்நிலத்தையும் நனைக்கிறது. டிசம்பரில் வீசும் வடகிழக்குக் காற்று வடக்கையும் கிழக்கையும் கிழக்குச் சரிவையும் நனைக்கிறது. எனவே டிசம்பர் இறுதியில் கித்துல்கல, ஹட்டன், மஸ்கெலியா போன்ற மேற்குப் பக்கத்து ஊர்களில் வானம் வெளுக்கத் தொடங்கும் வேளையில், மலைக்கு மறுபுறத்தில் உள்ள எல்ல, பதுளைப் பக்கங்களில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கலாம். எங்களுக்கு வந்த இலங்கைத் திட்டங்களில் எல்லவும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் தவறாமல் இடம்பெற்றிருந்தன. படங்களில் அழகாகத் தெரியும் ஒன்பது வளைவுப் பாலத்தை டிசம்பர் மழையில் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கும், வழுக்கும் பாறையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நடப்பதற்கும் ஆயத்தமாக இருப்பவர்களுக்கு அத்திட்டம் பொருந்தும்.

மலேசியத் தீபகற்பத்தில் நிலைமை ஏறக்குறையத் தலைகீழ். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை மாநிலங்களும் பகாங் மாநிலத்தின் உள்காடுகளும் வெள்ளம் காண்பது வழக்கம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அங்குள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காக் காட்டுக்குச் சென்றிருந்த சுற்றுலாப் பயணிகள் சிக்கி, மீட்கப்பட வேண்டியதாயிற்று. மே மாதத்தில் அங்கே மாலை இடிமழை இருந்தாலும், காட்டுப் பாதைகளும் ஆறுகளும் பெரும்பாலும் பயன்படும் நிலையில் இருக்கும். கோஸ்டா ரிக்காவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பசிபிக் பக்கத்தில் வறண்ட பருவம். கரீபியப் பக்கத்துச் சரிவிலோ ஆண்டு முழுவதும் மழைக்கு இடமுண்டு. மே மாதம் வந்துவிட்டால் இருபுறமும் மழைதான். சுருக்கமாகச் சொன்னால், டிசம்பர் என்றால் இலங்கையின் மேற்குச் சரிவு அல்லது கோஸ்டா ரிக்கா. மே என்றால் மலேசியா.

மழைக்கு இவ்வளவு இடம் தருவது மிகை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று நுழைந்த பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்றுநரும் வெளியே வந்து சேர ஜூலை 10 ஆயிற்று என்பதையும், அந்த மீட்புப் பணியில் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவர் உயிரிழந்தார் என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். அச்சிறுவர்கள் பதினொன்று முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள், உள்ளூர்ப் பிள்ளைகள், அக்குகையை முன்பே அறிந்தவர்கள். நுழைந்தபின் பெய்த மழையே வழியை அடைத்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? 2021 நவம்பரில் பாலாற்றில் புரண்டு வந்த வெள்ளத்தில் பெரும்பகுதி நம் ஊரில் பெய்த மழையன்று. மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பெய்தது. தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு நிறம் மாறி ஏறும் என்பதை அன்று விரிஞ்சிபுரத்திலும் காட்பாடியிலும் கரையில் நின்று பார்த்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆற்றைப் பற்றிய பேச்சில் குடியாத்தத்துப் பாட்டி ஒருவர் கேட்ட கேள்வி இந்த ஒப்பீட்டின் போக்கையே மாற்றியது. "பாலாத்துல தண்ணியே பாக்காத பசங்கள எந்த ஆத்துக்கு சார் இட்டுனு போறீங்கோ?" என்றார். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி வழங்கும் பழைய சொல்லை நாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் விளைவு என்னவென்றால், எங்கள் பதினாறு பேரில் ஒன்பது பேருக்கு நீச்சல் தெரியாது. முந்தைய தலைமுறை முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் கற்றது. இந்தத் தலைமுறைக்குக் கிணறும் வற்றிவிட்டது. பாறை ஏறுவதில் இப்பிள்ளைகள் எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் சளைத்தவர்கள் அல்லர். தண்ணீரில் மட்டும் அவர்கள் முதல் வகுப்புக் குழந்தைகள். எனவே ஒவ்வொரு நாட்டிலும் மலையைவிட ஆற்றையே கூர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

காற்றடைத்த படகில் விரையும் ஆற்றில் செல்லும் ராஃப்டிங், ஆற்றின் கடுமையைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கப்படுகிறது. முதல் தரம் ஏறக்குறைய அமைதியான நீரோட்டம். ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது. களனி ஆற்றில் கித்துல்கலவில் நடைபெறும் ராஃப்டிங் இரண்டாம், மூன்றாம் தரத்தைச் சேர்ந்தது. அதற்கு மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் நீரின் அளவு வானத்தை மட்டுமல்லாமல் திறந்துவிடும் நேரத்தையும் பொறுத்தது. அந்த நேரத்தை வழிகாட்டி முன்கூட்டியே அறிந்திருக்கிறாரா என்று கேட்பது நல்ல சோதனைக் கேள்வி. மலேசியாவில் பேராக் மாநிலத்தின் கோப்பெங் அருகே கம்பார் ஆற்றிலும் தொடக்கநிலையினருக்கு ஏற்ற ராஃப்டிங் உண்டு. கோஸ்டா ரிக்காவின் பக்குவாரே ஆறு மூன்று, நான்காம் தரம். உலகின் அழகிய ராஃப்டிங் ஆறுகளில் அதை வைத்துப் பேசுகிறார்கள், பேசட்டும். நீந்தத் தெரியாத பிள்ளையை நான்காம் தர ஆற்றில் இறக்குவதற்கு லைஃப் ஜாக்கெட் ஒரு சமாதானம் ஆகாது. இன்னொன்று: மூன்று நாடுகளிலும் படகில் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் வரும். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன் என்ற நான்கையும், காதில் விழுந்தவுடன் கை செய்யும் அளவுக்குத் தரையிலேயே பழக்க வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். சொல்லை மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க ஆறு காத்திருக்காது.

இலங்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்க வேண்டியிருக்கும். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் செல்வதற்கு ஆகும் நேரத்தில் பாதிதான் அது, ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் வாய்த்தால் இன்னும் குறைவு. கொழும்பிலிருந்து கித்துல்கல, அங்கிருந்து நல்லதண்ணி, அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளி என்று மேற்குச் சரிவைவிட்டு அதிகம் விலகாமல் எட்டு நாளை நிரப்பிவிடலாம். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கொண்டது. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர் என நால்வரும் உச்சியில் உள்ள பாதச்சுவட்டைத் தத்தம் மரபுப்படி போற்றுகிறார்கள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போது மட்டுமே வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்கி உச்சியில் சூரிய உதயத்தைக் காண்பதே வழக்கம். பர்வதமலைக்குப் பௌர்ணமி இரவில் ஏறிப் பழகிய பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதியதன்று, குளிர்தான் புதியது. பௌர்ணமியன்றும் வார இறுதியிலும் கூட்டம் படிகளில் உறைந்து நின்றுவிடுமாதலால், வார நாளில் ஏறுவதாகத் திட்டத்தைத் திருத்தச் சொன்னோம்.

ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள புல்வெளியும் மேகக்காடும் ஆகும். யுனெஸ்கோ 2010இல் உலக மரபுக் களமாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் 'உலகின் முடிவு' என்ற செங்குத்து விளிம்பு வருகிறது. காலை முற்றிய பின் பனிமூட்டம் ஏறி விளிம்பும் வெளியும் ஒன்றாகிவிடும் என்பதால் விடியும் வேளையிலேயே நடந்து முடிக்க வேண்டும். எங்கள் குழுவில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கும் பழக்கமுள்ள இருவர் உண்டு. அவர்களை நினைத்தால் நான் மலையைவிட இந்தச் சமவெளிக்குத்தான் அஞ்சுகிறேன்.

இலங்கைக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலையகத்தில் நிலச்சரிவுகள் ஏற்பட்டுப் பலநூறு பேர் உயிரிழந்தனர். சாலைகளும் மலை ரயில் பாதையும் சேதமுற்றன. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், செல்லும் ஒவ்வொரு சாலையின் நிலையையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மலை ரயிலை நம்பி எந்த நாளையும் திட்டமிடக் கூடாது. வேன் உறுதியாக இருந்து, ரயில் கிடைத்தால் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் பேசினாலே போதும் என்ற நிம்மதியும் ஒருவகையில் ஆபத்துதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழே ஒலிக்கும். வீட்டுத் திண்ணையில் இருப்பது போன்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் வழிகாட்டியின் சொல்லுக்கு மதிப்புக் குறையும். அதே மொழிதான் இப்பயணத்தின் பெரிய வரவும் ஆகும்: இருநூறு ஆண்டு தோட்ட வாழ்க்கையைப் பற்றி மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுடன் இவர்கள் நேருக்கு நேர் பேசலாம், இடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

மலேசியாவின் வலிமை அதன் காடு. தாமான் நெகாராவின் மழைக்காடு பதின்மூன்று கோடி ஆண்டுப் பழமை கொண்டதாகக் கூறப்படுகிறது. குவாலா தாஹானில் தங்கி, ஆற்றைப் படகில் கடந்து, இரவு நடையும் மரமுடிகளுக்கிடையே தொங்கும் பாலமும் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களின் குடியிருப்பும் காணலாம். கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புருங் சுண்ணாம்புக் குகைக்குள் ஆற்றோடு தவழ்ந்து செல்லும் நீண்ட நடையும் உண்டு. மழை பெய்தால் அது மூடப்படும், மூடப்பட வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருப்பதால், வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும்.

மலேசியத் திட்டங்களில் ஒன்று சபா மாநிலத்துக் கினபாலு மலையை மணிமகுடமாக வைத்திருந்தது. 4,095 மீட்டர். ஏறத்தாழ 1,866 மீட்டரில் உள்ள வாயிலில் தொடங்கி, ஒரே நாளில் 3,200 மீட்டரைத் தாண்டிய தங்குமிடத்துக்கு ஏறி, மறுநாள் விடியலுக்குள் உச்சியைத் தொட வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே உயர நோய் வரக்கூடும் என்பதும், கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்ச உயரத்தில் வாழும் வேலூர்ப் பிள்ளைக்கு உடல் பழகிக்கொள்ள அங்கே ஒரு நாள்கூட இல்லை என்பதும் போதுமான காரணங்கள். சுவாமிமலை ஏறியவர்தாமே என்று பயண நிறுவனத்தார் ஊக்கப்படுத்தினார்கள். சுவாமிமலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கினபாலு ஆகாது. 2015 ஜூன் 5 அன்று அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பதினெட்டுப் பேர் இறந்தனர்; அவர்களில் பள்ளிப் பயணமாக வந்திருந்த சிங்கப்பூர்ச் சிறுவர்களும் இருந்தனர். நிலநடுக்கத்தை எவரும் தவிர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் உயரத்தை நாம் தவிர்க்கலாம், தவிர்த்தோம்.

கோஸ்டா ரிக்காவின் பெயரைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பிள்ளையின் சித்தப்பா. அவர் சொன்னதில் பொய் இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கும் அந்நாடு, 1948இல் இராணுவத்தைக் கலைத்துவிட்டு, நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வைத்திருக்கிறது. மரமுடிகளுக்கிடையே கம்பியில் பறக்கும் ஜிப்லைன் சுற்றுலா உலகெங்கும் பரவியதற்கு மான்டேவெர்டேயின் மேகக்காடும் ஒரு காரணம். கொர்கொவாடோ தேசியப் பூங்காவுக்குள் 2014 முதல் சான்று பெற்ற வழிகாட்டியின்றி எவரும் நுழைய முடியாது. இளையோர் பயணங்களை நடத்துவதில் மூன்று நாடுகளிலும் மிகவும் பண்பட்டது அதுவே என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போக ஒரு நாளுக்கு மேல், வர ஒரு நாளுக்கு மேல், பதினொன்றரை மணி நேர வேறுபாட்டில் உறக்கம் கலைந்து தெளிய இரண்டு நாள். பத்து நாள் விடுமுறையில் எஞ்சுவது ஆறு. அமெரிக்கா வழியாகச் சென்றால் அந்நாட்டு விசாவும் வேண்டும். எங்களுக்கு வந்த மதிப்பீட்டில் அதன் விமானக் கட்டணம் மட்டுமே இலங்கைப் பயணத்தின் மொத்தச் செலவைத் தாண்டியிருந்தது. கல்லூரிக்குப் போனபின் பிள்ளைகள் தம் சம்பாத்தியத்தில் போகட்டும்.

உடல்நலம் பற்றிப் பேசும்போது, அக்னி நட்சத்திரத்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு வெப்பம் ஒரு பொருட்டா என்ற எண்ணம் பெற்றோரிடையே பரவலாக இருந்தது. வேலூரின் வெயில் உலர்ந்த வெயில். வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. மழைக்காட்டில் காற்றே நீரால் நிறைந்திருப்பதால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. முப்பத்திரண்டு பாகையிலேயே இங்கத்திய நாற்பதைவிடச் சோர்வு தட்டும். முதல் இரண்டு நாட்களில் கடுமையான நடை வைக்காத திட்டமே ஏற்கத்தக்கது. அடுத்து, எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல். சபாவில் 2000ஆம் ஆண்டு நடந்த சாகசப் போட்டி ஒன்றில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்களிடையே இது பரவியது. பின்னர் விசாரிக்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் நோய்க்குறிகள் இருந்தன. கால் கையில் ஆறாத புண் இருக்கும் பிள்ளை அன்று ஆற்றில் இறங்கக் கூடாது. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஆற்றில் குளித்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது. மலேசியக் காடுகளில், குறிப்பாகச் சபாவில், குரங்கிடமிருந்து பரவும் ஒருவகை மலேரியா உண்டு. டெங்கு எல்லா இடத்திலும் உண்டு, நம் ஊர் உட்பட.

விபத்து நேர்ந்தால் மருத்துவமனை எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பதைத் திட்டத்தின் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதிப் பார்த்தேன். இந்த ஒரு கணக்கே பல அழகிய படங்களைத் தள்ளுபடி செய்துவிட்டது. நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியாவும், ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டி 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 படுக்கை மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. 1990 என்ற எண்ணில் இயங்கும் இலவச ஆம்புலன்ஸ் சேவையும் இந்திய மானியத்தில் 2016இல் தொடங்கியதுதான். குவாலா தாஹானில் இருந்து ஜெராண்டுட் மருத்துவமனைக்குக் காட்டுச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சி.எம்.சி. மருத்துவமனை ஊருக்கு நடுவில் இருக்கும் நகரத்துக்காரர்களாகிய நமக்கு, இந்தத் தொலைவு என்ன பொருள் தரும் என்பது எளிதில் உறைப்பதில்லை.

வழிகாட்டிகள் விஷயத்தில் உரிமம் என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. சுற்றுலாத் துறை தரும் வழிகாட்டி உரிமம் வரலாறு சொல்லவும் குழுவை அழைத்துச் செல்லவும் போதும். ஆற்றில் கவிழ்ந்தவரைத் தூக்க அது போதாது. ஆற்று மீட்புப் பயிற்சி, முதலுதவிச் சான்று, அவற்றின் காலாவதி நாள் ஆகியவற்றைத் தனியே கேட்க வேண்டும். சாகசச் சுற்றுலாவின் பாதுகாப்பு மேலாண்மைக்கென 2014இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 21101 என்ற தரநிலை உண்டு. அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் நிறுவனம் இடர் மதிப்பீட்டுத் தாளைக் காட்ட முடியும். பெண் பிள்ளைகள் ஏழு பேர் இருப்பதால் உடன்செல்லும் பெரியவர்களில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனி அறையில் தங்கக் கூடாது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னோம்.

நான்கு நிறுவனங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: மழையாலோ நீர்மட்டத்தாலோ ஒரு நாள் நிகழ்ச்சியை நிறுத்தினால், நிறுத்தியவருக்கு நட்டமா? இருவர் கேள்வியே புரியாதவர்கள் போல் பேசினார்கள். மூன்றாமவர், தங்கள் வழிகாட்டிகள் எந்த மழையிலும் நிறுத்தியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு நன்றி கூறித் தொலைபேசியை வைத்தேன். நான்காமவர் மட்டும், வழிகாட்டி நிறுத்தினாலும் அன்றைய கூலி முழுமையாக அவருக்குப் போய்ச் சேரும், மாற்று நிகழ்ச்சி ஒவ்வொரு நாளுக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கும் என்றார். குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டு, 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படி திறந்தது. தீப் பருவத்தில் அவை மூடப்படுகின்றன. மூடும் அதிகாரம் படைத்தவர் ஒருவர் இருப்பதே பாதுகாப்பின் தொடக்கம். வெளிநாட்டில் அந்த ஒருவர் யார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டும்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாக. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா விலக்கு அளித்து, 2026 இறுதி வரை அதை நீட்டித்திருக்கிறது. அதற்குப் பிந்தைய மே மாதப் பயணம் என்றால் மறுபடி பார்க்க வேண்டும். இலங்கைக்கு இணையவழி முன்அனுமதி பெற வேண்டும். பதினைந்து வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் பத்தாண்டு பாஸ்போர்ட் கேட்கலாம். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை, இரண்டில் எது முந்தியதோ அது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு நிறுவனம் வசூலிக்கும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தனியாகச் சேர்க்கச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சைவப் பிள்ளைகள் மூவருக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடும், மலேசியாவில் சம்பாலில் இறால் விழுதும் சொல்லாமலே சேர்ந்திருக்கும். மற்றவர்கள் ஆம்பூர் பிரியாணிக்கு வளர்ந்த நாக்கோடு எதையும் சமாளிப்பார்கள். காலணியில் எங்கள் மாவட்டத்துப் பெருமை உதவாது. தோல் காலணி நனைந்தால் மூன்று நாள் உலராது. மலேசியக் காட்டில் உள்ளூர் வழிகாட்டிகள் அணிவது 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாக அழைக்கப்படும் மலிவான கறுப்பு ரப்பர்க் காலணி. அது வழுக்காது, நீரை உதறிவிடும். ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருக்கும் தந்தை ஒருவர் இதைக் கேட்டு மனம் நொந்தார்.

பெற்றோர் கூட்டத்தில் என் பரிந்துரையாக வைத்தது இதுதான்: அரையாண்டு விடுமுறையில் இலங்கையின் மேற்குச் சரிவு, எட்டு நாள், எல்லவும் நக்கிள்ஸும் இல்லாமல். டிசம்பர் தவறினால் அடுத்த மே மாதத்தில் மலேசியா, கோப்பெங்கும் தாமான் நெகாராவும், கினபாலு இல்லாமல். மே மாதத்தில் இலங்கையும் டிசம்பரில் தாமான் நெகாராவும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். பதினாறு குடும்பங்களில் பதினான்கு டிசம்பருக்குக் கையெழுத்திட்டன. இரண்டு குடும்பங்கள் மகன் உறவினர் திருமணத்தில் இருக்க வேண்டும் என்று விலகின.

நீந்தத் தெரியாதவர்களில் எட்டுப் பேர் இன்னும் குழுவில் இருக்கிறார்கள். காட்பாடிக்கு அப்பால் ஒரு விவசாயி தம் கிணற்றில் ஞாயிறுதோறும் காலையில் இறங்க இசைந்திருக்கிறார். அங்கே இன்னும் தண்ணீர் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டுடன் குப்புற விழுந்து, தானாக மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து, எறியப்படும் கயிற்றைப் பற்ற வேண்டும் என்பது நான்காம் நிறுவனத்தார் வைத்த குறைந்தபட்சத் தேர்வு. சென்ற ஞாயிறு வரை ஐந்து பேர் தேறியிருக்கிறார்கள். மீதி மூவரும் தேறாவிட்டால், மற்றவர்கள் கித்துல்கலவில் படகில் செல்லும் காலையில் அவர்கள் மூவரும் ஓர் ஆசிரியையுடன் கரையோரக் காட்டுப் பாதையில் நடப்பார்கள் என்று திட்டத்தில் இப்போதே எழுதியாயிற்று. குடியாத்தத்துப் பாட்டியிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டிய பிறகே பேரனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கொடுத்தனுப்பினார்.